எண் பலகையும் பதிவேடும்

மோட்டார் சைக்கிள் இல்லாத அங்கத்தினர் வீடு இன்று அரிது. சங்கத்திலிருந்து நூல் வாங்கிச் செல்வதும், நெய்த சேலைகளைக் கொண்டுவந்து ஒப்படைப்பதும், உர மூட்டையைக் கழனிக்குச் சேர்ப்பதும் அதன் மேல்தான். கரும்பு வெட்டுங்காலத்திலோ டிராக்டர்கள் இரவுபகலாக ஆலைக்கு ஓடுகின்றன. ஆயினும் இவ்வண்டிகளின் எண் பலகையைப் பற்றிய விதிகளை அறிந்தோர் நம்மிற் சிலரே. அறியாமையால் வரும் நஷ்டம் சிறிதன்று. ஆகவே இம்மாதப் பாடமாக இதனை எடுத்துக்கொள்கிறோம்.

எண் கூறுவது யாது?

திருநாவலூர்ச் சாலையில் சற்று நேரம் நின்றால் டி.என். 15, 32, 31 என்னும் மூவகை எண்களையும் காணலாம். டி.என். என்பது தமிழ்நாடு, அடுத்த எண் பதிவு செய்த போக்குவரத்து அலுவலகம். 15 கள்ளக்குறிச்சியையும், 32 விழுப்புரத்தையும், 31 கடலூரையும் குறிக்கும். 2019-ஆம் ஆண்டில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதால், பழைய 32-ஆம் எண் வண்டிகளுக்கு எண்ணை மாற்ற வேண்டுமோ என்று சிலர் ஐயுறுகின்றனர். வேண்டியதில்லை. மாவட்டம் பிரிந்தாலும் முன்பு கொடுத்த எண் செல்லும். ஆனால் உரிமையாளர் குடியிருப்பை மாற்றினால், புதிய முகவரியை 30 நாட்களுக்குள் அலுவலகத்துக்குத் தெரிவித்தல் வேண்டும்.

பலகை அமைய வேண்டிய முறை

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும், 1989-ஆம் ஆண்டு மத்திய விதிகளும் இதற்கு அடிப்படை. சொந்த வண்டிக்கு வெள்ளைப் பலகையில் கருப்பு எழுத்து. வாடகை வண்டிக்கு மஞ்சளில் கருப்பு. மின்சாரத்தால் ஓடும் சொந்த வண்டிக்குப் பச்சையில் வெள்ளை. எழுத்துக்கள் ஆங்கிலத்திலேயே இருத்தல் வேண்டும். மோட்டார் சைக்கிளின் பின்பலகையில் எழுத்து 35 மில்லிமீட்டர், எண் 40 மில்லிமீட்டர் உயரம் இருத்தல் வேண்டும். கோணல் எழுத்துக்கோ, படங்களுக்கோ, பட்டப் பெயர்களுக்கோ அங்கே இடமில்லை. இரவில் பின்பலகை எண் 15 மீட்டர் தொலைவிலிருந்து படிக்கும்படி வெளிச்சமும் வேண்டும்.

2019 ஏப்ரல் 1 முதல் பதிவாகும் புதிய வண்டிகளுக்கு உயர் பாதுகாப்புப் பலகை கட்டாயம். அசோகச் சக்கர முத்திரையும், லேசரால் பொறித்த தனி எண்ணும் அதில் உண்டு. கழற்றினால் மீண்டும் பொருத்த இயலாத பூட்டினால் அது பிணைக்கப்படும். திருடிய வண்டியில் வேறு பலகையை மாட்டி ஏய்ப்பதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. கார் முதலியவற்றின் முன்கண்ணாடியில் உட்புறமாக ஒரு வில்லையும் ஒட்டப்படும். டீசல் வண்டிக்கு ஆரஞ்சு நிறம். பெட்ரோல் வண்டிக்கு இளநீலம்.

கரும்பு வண்டிகள்

பெரியசெவலைக்கும் மூங்கில்துறைப்பட்டுக்கும் கரும்பேற்றிச் செல்லும் விவசாயிகள் இதனைக் கருத்தூன்றிப் படிப்பார்களாக. டிராக்டருக்குப் பின் டிரெயிலர் பூட்டியதும் டிராக்டரின் பின்பலகை மறைந்துவிடுகிறது. ஆகவே இழுத்துச் செல்லும் டிராக்டரின் எண்ணை டிரெயிலரின் பின்னும் எழுத வேண்டும் எனச் சட்டத்தின் 61-ஆம் பிரிவு விதிக்கிறது. இரண்டு டிரெயிலர் பூட்டினால் கடைசியில் வருவதில் எழுதுதல் வேண்டும். இது டிரெயிலருக்கு உரிய சொந்த எண்ணுக்குப் புறம்பானது. எழுதிய எண்ணையும் தொங்கும் கரும்புத் தோகை மறைக்குமாயின் பயன் என்ன? சுமை ஏற்றி முடித்தபின் ஒரு முறை பின்னால் சென்று பார்ப்பது நலம்.

விற்ற வண்டி யாருடையது?

பழைய வண்டியை விற்றுப் பணத்தைப் பெற்று, ஆர்.சி. புத்தகத்தையும் கொடுத்துவிட்டால் கடமை தீர்ந்தது என்று எண்ணுகிறோம். அன்று. ஒரே மாநிலத்திற்குள் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள். இதற்குரியவை 29, 30 எண்ணுள்ள படிவங்கள். உரிமையாளர் இறந்துபோனால், வாரிசு 30 நாட்களுக்குள் அறிவித்து, மூன்று மாதத்திற்குள் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள விண்ணப்பிக்க வேண்டும்.

மாற்றாவிடில் நேர்வது யாது? வடநாட்டில் ஒருவர் தம் காரை விற்றார். அது பல கை மாறியது. பதிவேட்டில் மட்டும் முதல்வர் பெயரே நின்றது. 2009-இல் அக்கார் மோதி ஒருவர் இறந்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே சட்டப்படி உரிமையாளர், நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பாளியும் அவரே என்று 2018 பிப்ரவரியில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வண்டியை விற்று ஈராண்டு ஆனபோதிலும் பொறுப்பு அவரை விடவில்லை. சில ஆயிரத்துக்கு விற்ற வண்டிக்காகத் தறியையும் நிலத்தையும் இழக்கும் நிலை நமக்கு வரலாகாது.

கூட்டுறவாளர்களாகிய நமக்கு இது புதிய தத்துவமன்று. ஒருவர் தம் பங்கை மற்றவருக்குக் கொடுத்ததாக வாய்மொழியாகக் கூறினால் சங்கம் ஏற்பதில்லை; அங்கத்தினர் பதிவேட்டில் ஏறினால்தான் மாற்றம் செல்லும். வண்டிக்கும் அதே நியாயந்தான். பலகை ஊராருக்குக் காட்டுவது எண்ணை. அவ்வெண் சுட்டுவது ஓர் அங்கத்தினரின் பெயரை.

சிந்தனைக்கு

1. நம் வீட்டு வண்டியின் பதிவு இன்று யார் பெயரில் உள்ளது?
2. நாம் விற்ற வண்டி ஏதேனும் இன்னும் நம் பெயரிலேயே ஓடுகிறதா?
3. நம் டிரெயிலரின் பின்னால் டிராக்டரின் எண் உள்ளதா?

அடுத்த கூட்டத்திற்கு வருமுன் ஆர்.சி. புத்தகத்தை ஒரு முறை எடுத்துப் பார்த்துவர வேண்டுகிறோம்.