டாக்டரிடம் போகும் முன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுவது. நீ அனுப்பிய செய்தியைப் படித்தேன். மூன்று நான்கு மாதம் பீரியட்ஸ் வருவதில்லை, வந்தால் பத்து நாளானாலும் நிற்பதில்லை, லேடி டாக்டரிடம் தேதி வாங்குவதும் கடைசி நேரத்தில் ரத்து செய்வதுமாக இருக்கிறேன், உள்ளே ஏதாவது செய்துவிடுவார்களோ என்று நினைத்தாலே கை கால் நடுங்குகிறது என்று எழுதியிருந்தாய். போனில் பேசினால் உன் அறைத் தோழிகள் காதில் விழும் என்று தயங்குவாய். அதனால்தான் கடிதம். நிதானமாகப் படி. வேண்டுமென்றால் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து இன்னொரு தடவையும் படி.

உன் பயத்தில் பெரும்பகுதியை முதலிலேயே இறக்கி வைத்துவிடுகிறேன். உன் வயதில், நீ சொல்லும் தொந்தரவுக்கு, முதல் நாளே உள் பரிசோதனை செய்வது அபூர்வம். நான் அரசு ஆஸ்பத்திரியில் மகளிர் நோய்ப் பிரிவில் நர்ஸாக இருந்த காலம் முழுக்கப் பார்த்தது இதுதான்: கல்யாணம் ஆகாத பெண் வந்தால் டாக்டர் முதலில் பேசுவார், ரத்த அழுத்தமும் எடையும் பார்ப்பார், கண் இமையை இழுத்து ரத்தசோகை இருக்கிறதா என்று பார்ப்பார், வயிற்றை அழுத்திப் பார்ப்பார். பிறகு ரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் எழுதிக் கொடுப்பார். அந்த ஸ்கேன் வயிற்றின் மேல் பசை தடவிப் பார்ப்பது. சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால்தான் கர்ப்பப்பையும் சினைப்பையும் திரையில் தெளிவாகத் தெரியும். அதனால் ஒரு மணி நேரம் முன்பே மூன்று நான்கு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுச் சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காரச் சொல்வார்கள். சொல்லப்போனால் உன் முதல் நாளில் நிஜமான அவஸ்தை அதுவாகத்தான் இருக்கும்.

ரத்தத்தில் ஹீமோகுளோபின், தைராய்டு, சில ஹார்மோன்கள், சர்க்கரை பார்ப்பார்கள். சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனையும் செய்யச் சொல்லலாம். அதைக் கேட்டதும் முகம் சிவந்து எழுந்து வந்துவிடாதே. மாதவிடாய் தள்ளிப்போன எந்தப் பெண்ணுக்கும் செய்வதுதான். உன் நடத்தையைப் பற்றி யாரும் தீர்ப்பு எழுதவில்லை.

போவதற்கு முன் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்: கடைசியாக மாதவிடாய் தொடங்கிய தேதி, அதற்கு முந்தைய தேதிகள், எத்தனை நாள் நீடிக்கிறது, ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின், கட்டி கட்டியாகப் போகிறதா, கடையில் கேட்டு வாங்கி விழுங்கிய மாத்திரைகள் என்னென்ன. பயத்தில் வாய் அடைத்துப்போனாலும் தாளை நீட்டிவிடலாம். அதன் முதல் வரியாக, "இதுதான் எனக்கு முதல் தடவை, மிகவும் பயமாக இருக்கிறது" என்று எழுது. நல்ல டாக்டர் அந்த ஒரு வரியைப் படித்ததுமே குரலைத் தணித்துக்கொள்வார்.

உன்னிடம் ஒரு கேள்வி கேட்பார்கள். நம்மூரில் அதைப் பெரும்பாலும் "கல்யாணம் ஆயிடுச்சா?" என்றுதான் கேட்பார்கள். அவர்கள் தெரிந்துகொள்ள விரும்புவது உனக்கு உடலுறவு ஏற்பட்டிருக்கிறதா என்பதை. என்ன சோதனை செய்வது, எதைத் தவிர்ப்பது, என்ன மருந்து கொடுப்பது எல்லாம் அந்தப் பதிலைப் பொறுத்தது. உன் பதில் என்ன என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். ஆனால் டாக்டரிடம் மட்டும் உண்மையைச் சொல். நீ சொல்வதை உன் அனுமதி இல்லாமல் வீட்டாரிடம் சொல்ல அவருக்கு உரிமை கிடையாது. துணைக்கு யார் வந்திருந்தாலும், "கொஞ்ச நேரம் தனியாகப் பேசணும் டாக்டர்" என்று நீ கேட்கலாம். அத்தை கூட வந்தாலும் அப்படித்தான், நான் வெளியே போய் நிற்பேன்.

கன்னித்திரை பற்றியும் உனக்குப் பயம் இருக்கும். எழுதக் கூச்சப்பட்டு விட்டிருப்பாய். அது வாசலை அடைத்து ஒட்டிய முத்திரை இல்லையம்மா. ஓரமாக அமைந்த மெல்லிய சதை மடிப்பு. அதில் இடைவெளி இருப்பதால்தான் மாதாமாதம் ரத்தமே வெளிவருகிறது. ஒவ்வொரு பெண்ணுக்கும் அதன் வடிவம் வேறு. அதைப் பார்த்து ஒரு பெண் உறவில் ஈடுபட்டிருக்கிறாளா இல்லையா என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு "இரு விரல் சோதனை" என்று ஒன்றைச் செய்துவந்தார்களே, அது அந்தப் பெண்களின் அந்தரங்க உரிமையை மீறுவது என்று உச்ச நீதிமன்றம் 2013இல் சொன்னது. அதற்குப் பிறகும் அதைச் செய்பவர்கள் தவறான நடத்தைக்குக் குற்றவாளிகள் ஆவார்கள் என்று 2022இல் இன்னும் கடுமையாகச் சொன்னது. ஆகவே டாக்டர் உன்னைப் பார்த்து எதையோ கண்டுபிடித்துவிடுவார், நாளைக்குக் கல்யாணத்துக்கு அது தடையாகும் என்ற பேச்சையெல்லாம் ஒதுக்கி வை.

சரி, உள் பரிசோதனையே தேவைப்பட்டால்? இன்றில்லாவிட்டாலும் என்றாவது ஒரு நாள் அது வரும். அதனால் ஒளிக்காமல் சொல்கிறேன். முதலில் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்வார்கள். கீழாடையை அவிழ்த்துவிட்டு மேசையில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, கால்களை விலக்கி வைக்க வேண்டும். மேலே ஒரு துணி போர்த்துவார்கள், போர்த்தாவிட்டால் கேள். அன்றைக்கு ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போகாதே. நீளமான டாப்ஸோ பாவாடையோ போட்டால் தொடை வரை மறைந்தே இருக்கும், பாதிக் கூச்சம் போய்விடும். டாக்டர் கையுறை போட்டுக்கொண்டு வெளிப்புறத்தைப் பார்ப்பார். பிறகு ஸ்பெகுலம் என்ற கருவி. வாத்தின் அலகு போல இருக்கும். உள்ளே வைத்து மெல்லத் திறந்தால் கர்ப்பப்பையின் வாய் கண்ணுக்குத் தெரியும். எஃகுக் கருவி சில்லென்று இருக்கும், அவ்வளவுதான். அதில் சிறிய அளவும் உண்டு, "சின்னது இருந்தால் அதை வையுங்க" என்று தாராளமாகக் கேள். பாப் ஸ்மியர் என்ற கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு எடுப்பதென்றால் சின்ன பிரஷ்ஷால் அந்த வாயை லேசாகத் துடைத்து எடுப்பார்கள். சுருக்கென்று இருக்கலாம், அன்றைக்குச் சொட்டு ரத்தம் படலாம். கடைசியில் விரல்களை உள்ளே வைத்து மறு கையால் அடிவயிற்றை அழுத்தி, கர்ப்பப்பையின் அளவையும் வலி இருக்கும் இடத்தையும் பார்ப்பார். எல்லாம் சில நிமிடத்தில் முடிந்துவிடும்.

வலிக்குமா என்றால், ஒரு அழுத்தமும் அசௌகரியமும் எல்லோருக்கும் இருக்கும். வலியாக மாறுவது பெரும்பாலும் பயத்தால் இடுப்புத் தசைகள் இறுகிக்கொள்வதால். நீ வேண்டுமென்று இறுக்குவதில்லை, உடம்பு தானாகவே இறுக்கிக்கொள்கிறது. அப்போது மூச்சைப் பிடிக்காதே. மூக்கால் இழுத்து வாயால் மெதுவாக, நீளமாக விடு. மெதுவாக மூச்சு விட்டால் உடம்பின் இறுக்கம் குறையும். இடுப்பை மேலே தூக்காமல் மேசையில் நன்றாக அழுத்து. கால் விரல்களை ஆட்டிக்கொண்டே இரு. பக்கத்தில் நிற்கும் நர்ஸின் கையைப் பிடித்துக்கொள். எத்தனையோ பெண்கள் என் கையை நசுக்கியிருக்கிறார்கள், அதற்காகத்தான் நாங்கள் அங்கே நிற்பது.

இந்தக் கடிதத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் நீ நினைவில் வைத்துக்கொள்வதானால் அது இதுவாக இருக்கட்டும். "நிறுத்துங்க" என்று சொன்னால் நிறுத்த வேண்டும். கருவி உள்ளே இருந்தாலும் சரி, பாதியில் இருந்தாலும் சரி. அந்த மேசையில் படுத்திருக்கும்போதும் உடம்பு உன்னுடையதுதான். முடியவில்லை என்றால் எழுந்து வந்துவிடலாம், இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். சிலருக்கு எவ்வளவு முயன்றாலும் தசை தளராது. அதற்கும் தனியாகச் சிகிச்சை உண்டு, அது பிடிவாதம் அல்ல. சின்ன வயதில் யாராவது தகாத முறையில் தொட்ட நினைவு உள்ளே கிடந்தாலும் உடம்பு அப்படித்தான் மறுக்கும். அப்படி உனக்கு ஏதாவது இருந்தால், விவரமெல்லாம் சொல்லத் தேவையில்லை. "எனக்கு முன்னால் ஒரு கசப்பான அனுபவம் இருக்கு, மெதுவா பாருங்க" என்றால் போதும்.

இதெல்லாம் அத்தையின் ஆசை மட்டுமல்ல. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தை மத்திய சுகாதார அமைச்சகம் 2019இல் எல்லா மாநிலங்களுக்கும் அனுப்பியது. என்ன செய்யப்போகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது, சம்மதம் தருவது, அந்தரங்கம் காக்கப்படுவது, ஆண் டாக்டர் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் கூட இருப்பது எல்லாம் அதில் உரிமைகளாகவே இருக்கின்றன. திரையை இழுத்து மூடச் சொல்வதும், மாணவர்கள் கூட்டமாக நின்றால் வேண்டாம் என்பதும் மரியாதைக்குறைவு இல்லை.

டாக்டர் எல்லோரும் அன்பாகவே இருப்பார்கள் என்று நான் உனக்குச் சத்தியம் செய்ய மாட்டேன். நெரிசலில் எரிந்து விழுபவர்கள் உண்டு. எடையைப் பற்றி மட்டுமே பேசி அனுப்புபவர்கள் உண்டு. "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்" என்பவர்களும் உண்டு. அந்தப் பேச்சைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. கல்யாணம் எந்த ஹார்மோனையும் சரிசெய்வதில்லை. அப்படி ஒருவர் அமைந்தால் ஃபைலை எடுத்துக்கொண்டு வேறு டாக்டரிடம் போ. டாக்டரிடம் போவதையே விட்டுவிடாதே.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். உனக்கு இருப்பது என்ன என்று பார்க்காமல் நான் சொல்லக் கூடாது. நீர்க்கட்டிப் பிரச்சினையாக இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம். ஆனால் மாதக்கணக்கில் மாதவிடாய் வராமல் போனால் கர்ப்பப்பையின் உள்சவ்வு உதிராமல் தடித்துக்கொண்டே போகலாம். அது ஒரு நாள் உடைந்து வரும்போது உனக்கு நடப்பது போல ரத்தம் நிற்காமல் போகலாம். வருஷக்கணக்கில் இப்படியே விட்டால் அந்தச் சவ்வில் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. அதற்கு முன்பே ரத்தசோகை வந்துவிடும். தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வரை உள்ள பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை என்று 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். உடனே செய்ய வேண்டியது ஒரு ரத்தப் பரிசோதனை. ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைகிற அளவுக்குப் போனாலோ, தலை சுற்றினாலோ தேதிக்குக் காத்திருக்காதே. இரவானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடு.

இந்தக் கூச்சம் உன்னோடு பிறந்தது அல்ல. சென்னை திருவல்லிக்கேணியில் இருக்கும் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையை வயதானவர்கள் இன்னும் கோஷா ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். ஆண் வைத்தியர் முன்னால் வர முடியாமல் வீட்டுக்குள்ளேயே நோயில் கிடந்த பெண்களுக்காக மேரி ஷார்லீப் என்ற பெண் டாக்டர் 1885இல் தொடங்கியது அது. அந்தக் காலத்தில் திண்டிவனத்தில் ஒரு இரவு மூன்று ஆண்கள், பிரசவத்தில் தவித்த தங்கள் மனைவிகளுக்காக ஐடா ஸ்கடர் என்ற இளம் பெண்ணைக் கூப்பிட வந்தார்கள். அவர் அப்போது டாக்டர் இல்லை. டாக்டரான அவருடைய அப்பா வருகிறேன் என்றார். ஆண் வரக் கூடாது என்று மறுத்துவிட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள். அதன்பிறகுதான் ஐடா டாக்டருக்குப் படித்தார், 1918இல் வேலூரில் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி தொடங்கினார். இன்றைக்கு நம் சின்ன ஊர்களில்கூட லேடி டாக்டர் போர்டு தொங்குகிறது. அந்தப் படியை ஏறாமல் திரும்புவதற்கு உனக்கு எந்தத் தேவையும் இல்லை.

உன் அம்மாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவள் திட்டுவாள் என்று நினைக்கிறாய். எனக்குத் தெரிந்த வரை அவளும் உன்னைப் போலவே பயந்தவள்; உன்னைப் பெற்றதற்குப் பிறகு அவள் தனக்காக ஒரு டாக்டரையும் பார்த்ததில்லை. 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை இலவசம். உன் வேலை முடிந்ததும் அவளை நீ அழைத்துப் போ. நான் சொன்னால் கேட்க மாட்டாள், நீ சொன்னால் கேட்பாள்.

இந்த வாரமே தேதி வாங்கு, இந்தத் தடவை மாற்றாதே. துணைக்கு ஆள் வேண்டுமென்றால் முதல் நாள் ராத்திரி ஒரு போன் போடு, காலை பஸ்ஸுக்கு நான் கிளம்பி வருகிறேன்.

அன்புடன்,
அத்தை