கம்ப்யூட்டர் கண் விழிக்கும்போது…



கம்ப்யூட்டர் சுவிட்சைப் போட்டதும் கொஞ்ச நேரம் திரை கறுப்பாகவே இருக்கும். "ஒண்ணும் நடக்கலையே" என்று நினைப்போம். ஆனால் அந்த நேரத்தில் உள்ளே பல வேலைகள் வரிசையாக நடக்கின்றன. அதில் ஒன்று பாதியில் நின்றுபோனால் திரையிலும் எதுவும் வராது. அப்போது கோளாறு எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? லினக்ஸை வைத்துப் பார்ப்போம்.

லினக்ஸ் என்றால் என்ன?
1991-ல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் எழுதத் தொடங்கியது. இதன் நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். சென்னையில் உள்ள சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' கூட லினக்ஸ் வகைதான். இதன் மையப் பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். நினைவகம், கீபோர்டு, திரை எல்லாவற்றையும் கட்டி மேய்ப்பது அதுதான்.

விழிக்கும் வரிசை
1. மின்சாரம் வந்ததும் பயாஸ் முதலில் எழும். புதிய கம்ப்யூட்டர்களில் அந்த இடத்தில் யூஇஎஃப்ஐ இருக்கும்.
2. அது 'கிரப்' போன்ற பூட்லோடரை எழுப்பும்.
3. பூட்லோடர் கெர்னலை நினைவகத்தில் ஏற்றும். கூடவே கட்டளைகள் எழுதிய ஒரு வரியையும் கொடுக்கும். கடைக்குப் போகும்போது அம்மா தரும் துண்டுச்சீட்டு மாதிரி!
4. கெர்னல் சீட்டைப் படித்து வேலையைத் தொடங்கும்.

ஒரே சீட்டு, ஒரு தடவை போதாது
கெர்னல் முதல் தடவை அவசரமானதை மட்டும் படிக்கும். நினைவகத்தில் எவ்வளவு பயன்படுத்தலாம் என்று சொல்வது 'மெம்'. ஆரம்பச் செய்திகளை எந்த வழியாக அனுப்பலாம் என்று சொல்வது 'எர்லிகான்'. இவை முதலிலேயே தெரிந்தாக வேண்டும். மற்றதை அப்புறம் படிக்கும்.

கோளாறு பிடிக்கும் கருவி
கெர்னலுக்குள்ளேயே 'கேஜிடிபி' என்ற பிழைதிருத்தி உண்டு. 2008-ல் சேர்க்கப்பட்டது. இன்னொரு கம்ப்யூட்டரை சீரியல் கேபிளால் இணைத்து, கெர்னலை நடுவில் நிறுத்தி, "இப்போ என்ன செய்யுறே?" என்று பார்க்கலாம். சீட்டில் இரண்டு சொற்கள் வேண்டும்.
* கேஜிடிபிஓசி – எந்த போர்ட் வழியாகப் பேசுவது
* கேஜிடிபிவெயிட் – நான் வரும்வரை நின்று காத்திரு

இங்கேதான் சிக்கல். 'காத்திரு' என்பது முதல் தடவையிலேயே படிக்கப்படுகிறது. ஆனால் அப்போது சீரியல் போர்ட் டிரைவர் எழுந்திருக்கவே இல்லை. உடனே நின்றுவிட்டால் வெளியே இருப்பவரோடு பேச வழியே கிடையாது. கம்ப்யூட்டர் சும்மா உறைந்து கிடக்கும். அதனால் கெர்னல் உடனே நிற்காது. மறக்காமல் இருக்க அம்மா முந்தானையில் முடிச்சுப் போட்டு வைப்பாங்களே, அதுபோல ஒரு குறிப்பு வைத்துக்கொண்டு மேலே நடக்கும். பேசும் வழி தயாரானதும் குறிப்பைப் பார்த்து அங்கே நிற்கும்.

அதனால்தான் சீட்டில் போர்ட்டை முதலிலும் 'காத்திரு' என்பதை அதற்குப் பின்னாலும் எழுத வேண்டும் என்று கெர்னல் கையேடு சொல்கிறது. ஒயர் மாட்டாத மைக்கில் பேசச் சொன்னால் யாருக்குக் கேட்கும்?

சரி, டிரைவர் எழுவதற்கு முன்பே கோளாறு வந்தால்? இதற்காக 2020-ல் ஒரு வசதி வந்தது. எர்லிகான் செய்தி அனுப்பும் அதே ஆரம்ப வழியைப் பிழைதிருத்தியும் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆகவே இன்னும் முன்னாலேயே நிறுத்திப் பார்க்க முடியும்.

நாம் அறிவது: பிழையைப் பிடிக்கும் கருவியும் ஒரு நிரல்தான். அதற்கு வேண்டியது தயாரான பிறகுதான் அது வேலை செய்யும்.

செய்து பார்: லினக்ஸ் கம்ப்யூட்டர் கிடைத்தால், 'ப்ராக்' என்ற ஃபோல்டரில் 'சிஎம்டிலைன்' என்ற ஃபைலைத் திறந்து பார். கெர்னல் கையில் வாங்கிய சீட்டு அதில் அப்படியே இருக்கும்!

சிந்தித்துச் சொல்: சீரியல் டிரைவர் எழும் முன்பே கெர்னல் நின்றுவிட்டது. கடைசியாக என்ன செய்தது என்று வெளியே சொல்ல எது உதவும்? 'மெம்' ஆ, 'எர்லிகான்' ஆ?
(விடை: எர்லிகான்)

– ஒன்பதாம் வகுப்பு மாணவி