மாத்திரைக்கு முன்பே ஒரு காவல்

நீரிழிவுக்குச் சிகிச்சை பெறுவோரும் அவர்தம் குடும்பத்தாரும் எங்களிடம் அடிக்கடி கேட்பது இது: “தினமும் நடக்கச் சொல்கிறீர்கள், கூடவே ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரையும் எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லதுதானே?” கேள்வி நியாயமானது. விடைதான் அவ்வளவு எளிதன்று.

உணவை ஆற்றலாக மாற்றும் பணியின் பெரும்பகுதி உயிரணுவிலுள்ள மைட்டோகாண்ட்ரியாவில் நடைபெறுகிறது. விறகடுப்பு எரிந்தால் சிறிது புகை எழத்தான் செய்யும். அதுபோல, அங்கே பயன்படும் ஆக்சிஜனில் ஒரு சிறு பகுதி சூப்பர்ஆக்சைடு என்னும் வினைமிக்க பொருளாகிவிடுகிறது. இத்தகைய பொருள்கள் அளவு மீறினால் கொழுப்பும் புரதமும் மரபணுவும் சிதையும். ஆகவே உயிரணு தனக்கென ஒரு காவலை வைத்திருக்கிறது. சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்னும் நொதி அப்பொருளை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றுகிறது. வேறு நொதிகள் அதனைத் தண்ணீராக்குகின்றன.

இக்காவல் எப்போதும் ஒரே அளவில் நிற்பதில்லை. காவல் நொதிகள் பலவற்றின் உற்பத்தியைத் தூண்டுவது என்ஆர்எஃப்2 என்ற புரதம். சாதாரண வேளையில் கீப்1 என்னும் மற்றொரு புரதம் அதைப் பிடித்து, உடனுக்குடன் அழிவுக்கு அனுப்பிக்கொண்டேயிருக்கும். (உண்டாக்கி உண்டாக்கி அழிப்பது வீண்வேலையாகத் தோன்றலாம். ஆனால் ஆபத்து நேரத்தில் அழிப்பதை நிறுத்தினாலே போதும். புரதம் விரைந்து திரண்டுவிடும்.) உழைப்பு மிகுந்து புகை கூடும்போது, கீப்1-இன் கந்தகம் கொண்ட பகுதிகள் மாறுதலடைந்து, அழிவுக்கு அனுப்பும் வேலை தடைப்படுகிறது. தப்பிய என்ஆர்எஃப்2 உட்கருவுக்குள் சென்று உரிய மரபணுக்களை இயக்குகிறது. அதாவது, அந்தச் சிறு புகையே காவலை எழுப்பும் மணியோசை.

புகையை மாத்திரையால் முற்றும் அடக்கினால் என்னவாகும்? 2009-இல் ஜெர்மனியைச் சேர்ந்த மிக்கேல் ரிஸ்டோ குழுவினர் வெளியிட்ட ஆய்வில், இளைஞர்கள் 4 வாரம் உடற்பயிற்சி செய்தனர். ஒரு பகுதியினர் தினமும் 1000 மி.கி. வைட்டமின் சி-யும் 400 அலகு வைட்டமின் இ-யும் உட்கொண்டனர். மாத்திரை இல்லாதவர்களிடம் இன்சுலின் நன்கு வேலை செய்யத் தொடங்கியது. காவல் நொதிகளுக்கான மரபணுக்களும் ஊக்கம் பெற்றன. மாத்திரை உண்டவர்களிடம் அப்பயன் காணப்படவில்லை. பின்வந்த ஆய்வுகள் அனைத்தும் இதனை உறுதிசெய்யவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். எனினும், அதிக அளவு மாத்திரையால் கூடுதல் பயன் உண்டு என நம்ப எங்களுக்குக் காரணம் தென்படவில்லை. புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் ஃபின்லாந்தில் நடந்து 1994-இல் வெளியான ஆய்விலோ, பீட்டா கரோட்டின் மாத்திரை உண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாகக் காணப்பட்டது.

நெல்லிக்காய், கொய்யா, கீரை ஆகியவற்றுக்கு இந்த அச்சம் வேண்டா. சிறுநீரக நோயாளிகள் மட்டும் தங்களுக்குச் சொல்லப்பட்ட உணவுமுறையைப் பின்பற்றுக. குறைபாட்டுக்காக மருத்துவர் எழுதித் தந்த வைட்டமினை நீங்களாக நிறுத்தவும் வேண்டா. கதிர்வீச்சோ கீமோதெரபியோ பெறுபவர்கள், கடையில் தாமாக வாங்கிய எந்தச் சத்து மாத்திரையையும் மருத்துவரிடம் சொல்லாமல் உட்கொள்ளலாகாது; கதிர்வீச்சு புற்றணுக்களை அழிப்பது பெரிதும் இத்தகைய வினைமிக்க பொருள்களின் வழியாகத்தான். அடுத்த முறை வரும்போது மருந்துச் சீட்டுடன் அந்தப் புட்டியையும் எடுத்து வாருங்கள்.