கூட்டுறவுச் சங்கத்தில் கணினிக் கணக்கு: விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

கோவை, ஈரோடு, திருப்பூர் மாவட்டங்களில் மஞ்சள், கரும்பு, நிலக்கடலை பயிரிடும் சிறு விவசாயிகள் பலர் கடனுக்கும் உரத்துக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தையே நம்பியுள்ளனர். இச்சங்கங்களின் கணக்குகள் நெடுங்காலம் நாள்வழியிலும் பேரேட்டிலும் கையால் எழுதப்பட்டு வந்தன. இப்போது அவை கணினிக்கு மாறி வருகின்றன. நாடு முழுவதும் 63,000 சங்கங்களை 2,516 கோடி ரூபாய் செலவில் பொதுவான மென்பொருளின்கீழ் கொண்டுவரும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூன் 29 அன்று ஒப்புதல் அளித்தது. நபார்டு வங்கி இதனை நடத்துகிறது.

மாற்றம் என்ன?

கைக்கணக்கில் ரசீது எழுதி, அதை நாள்வழியில் ஏற்றி, பின்னர் பேரேட்டில் உறுப்பினரின் பக்கத்துக்கு மாற்ற வேண்டும். மென்பொருளில் ஒருமுறை பதிந்தால் போதும். நாள்வழி, பேரேடு, நிலுவை, வட்டி யாவும் தாமே மாறிவிடும். வேலை குறைகிறது; கூட்டல் பிழை இல்லை.

ஆனால், பதிந்ததையே கணினி காட்டும். 5,000 ரூபாய் வரவு 500 என்று பதிவாகிவிட்டால், எல்லா ஏடுகளிலும் 500 என்றே ஏறும். முன்பு நாள்வழியையும் பேரேட்டையும் ஒப்பிட்டுப் பிழையைக் காண முடிந்தது. இனி ஒப்பிட்டுப் பார்க்க உதவும் மற்றோர் ஏடு, விவசாயியிடம் உள்ள ரசீதுதான்.

தேதியும் முக்கியம். தமிழ்நாட்டில் 3 லட்சம் ரூபாய் வரையிலான கூட்டுறவுப் பயிர்க் கடனைத் தவணைக்குள் செலுத்துவோருக்கு வட்டி இல்லை. கட்டிய தேதி தவறாகப் பதிவானால் இச்சலுகை கைநழுவக் கூடும்.

செய்ய வேண்டியவை

1. பழைய பேரேட்டு நிலுவையைக் கணினியில் ஏற்றும் சமயத்தில், அந்த நாளைய நிலுவையைக் கேட்டுப் பெற்றுப் பாஸ் புத்தகத்துடன் ஒப்பிட வேண்டும்.

2. பெயர், சர்வே எண், பரப்பு, பயிர், செல்போன் எண் ஆகியவை சரியாகப் பதிவாகி உள்ளனவா என்று பார்க்க வேண்டும்.

3. கடனில் ரொக்கம் எவ்வளவு, உரமாக வாங்கியது எவ்வளவு என்பதைத் தனித்தனியே சரிபார்க்க வேண்டும்.

4. பணம் கட்டியவுடன் கணினி ரசீது பெற்று, தொகையையும் தேதியையும் அங்கேயே படித்துப் பார்க்க வேண்டும். பிழை இருந்தால் அன்றே செயலாளரிடம் சொல்லித் திருத்தச் செய்வது நல்லது. நாள் கணக்கை முடித்தபின் திருத்துவது எளிதல்ல.

5. நகைக் கடன் வட்டியை வீட்டிலேயே கணக்கிடலாம். அசலை ஆண்டு வட்டி வீதத்தாலும் நாட்களாலும் பெருக்கி, 36,500-ஆல் வகுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 50,000 ரூபாய்க்கு 10 சதவிகித வட்டி என்றால், 73 நாட்களுக்கு 1,000 ரூபாய் வரும்.

ரசீதுகளை ஒரு கோப்பில் சேர்த்து வைத்து, வரவு செலவை ஒரு நோட்டில் தேதிவாரியாக எழுதிவருவது இன்றியமையாதது. எழுதப் படிக்க இயலாதோர் பள்ளி செல்லும் பிள்ளைகளைக் கொண்டு எழுதி வைக்கலாம். சங்கத்தில் ஏட்டுக்குப் பதில் கணினி வந்தாலும், விவசாயி வீட்டு நோட்டுக்கு வேலை குறையவில்லை.