மூன்று சென்டிமீட்டரின் விலை

ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவோர் பலருக்கும் அதன் சஸ்பென்ஷனை மாற்றி, காரைத் தரைக்கு நெருக்கமாக இறக்கும் ஆசை எழுவதுண்டு. தாழ்ந்த கார் வளைவுகளில் உறுதியாகத் திரும்பும் என்பது பொதுவான நம்பிக்கை. அதில் உண்மை உண்டு. அந்த உண்மையின் அளவை நாம் கணக்கிட்டுப் பார்ப்போம்.

வரவும் செலவும்

கார் வளைவில் திரும்பும்போது உட்புறச் சக்கரங்களின் சுமையில் ஒரு பகுதி வெளிப்புறச் சக்கரங்களுக்கு மாறுகிறது. ஈர்ப்பு மையம் உயர உயர இம்மாற்றமும் மிகும். 1,200 கிலோ எடையும், 50 செ.மீ. உயரத்தில் ஈர்ப்பு மையமும், இடவலச் சக்கரங்களுக்கிடையே 150 செ.மீ. தொலைவும் உள்ள காரை எடுத்துக்கொள்வோம். அதன் எடையில் பத்தில் ஆறு பங்கு அளவான பக்கவாட்டு விசையில் 240 கிலோ சுமை இடம் மாறும். காரை 3 செ.மீ. இறக்கினால் இது ஏறத்தாழ 226 கிலோவாகும். வரவு 6 விழுக்காடு.

இனிச் செலவு. 16 செ.மீ. தரை இடைவெளி 13 செ.மீ. ஆகிவிடும், இழப்பு ஏறத்தாழ 19 விழுக்காடு. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 1988இல் வகுத்த வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டது. சீராக ஏறி இறங்குவதால் கடப்பது எளிது. குறுகலாகவும் செங்குத்தாகவும் எழுப்பப்பட்ட தடைகளோ அவ்வாறல்ல. நால்வர் அமர்ந்து கார் மேலும் தாழ்ந்திருக்கையில், அடிப்பாகத்தில் உள்ள ஆயில் சம்ப் உரசி உடையக்கூடும்.

செய்யத் தக்கதும் தகாததும்

ஸ்பிரிங்கை வெட்டிக் குட்டையாக்குவது கூடவே கூடாது. வெட்டிய முனை தன் இருக்கையில் சரியாகப் பொருந்தாது. சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது இடம் பெயரலாம். புதிய ஸ்பிரிங்கும் அதற்கேற்ற ஷாக் அப்சார்பரும் ஒரே தொகுப்பாக இருத்தல் வேண்டும். பழைய ஷாக் அப்சார்பரால் விறைப்பான ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்க இயலாது. மெக்பர்சன் வகை சஸ்பென்ஷனை அளவுக்கு மீறி இறக்கினால், கார் வளைவில் முன்னிலும் அதிகமாகச் சாயவும் கூடும். பணி முடிந்ததும் வீல் அலைன்மென்டையும் முகப்பு விளக்கின் கோணத்தையும் சரிபார்த்தல் இன்றியமையாதது.

எனவே, முதலில் நல்ல டயர், அடுத்துத் தரமான ஷாக் அப்சார்பர், இறுதியாகவே தாழ்த்துதல். பலருக்கு முதல் இரண்டே போதுமானவை.

ஆவணங்களையும் பார்ப்போம்

பதிவுச் சான்றிதழின் விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க 182ஏ பிரிவு இடமளிக்கிறது. ஆகவே பணி தொடங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் விளக்கம் பெறுதல் நலம்.

காப்பீட்டு நிறுவனத்துக்கும் முன்னரே தெரிவித்தல் வேண்டும். தெரிவிக்காத மாற்றம் விபத்துக்குப்பின் வெளிப்பட்டால், இழப்பீடு குறைக்கப்படவோ மறுக்கப்படவோ வாய்ப்புண்டு. கடன் தவணையோ நிற்காது. கார் கடன் நிலுவையில் உள்ள வாடிக்கையாளர்கள் கிளைக்கும் ஒரு கடிதம் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். மூன்று சென்டிமீட்டருக்காகப் பல ஆண்டுச் சேமிப்பை இடருக்கு உள்ளாக்க வேண்டியதில்லை.