பாசி கோர்க்க உட்காரும் நம் பிள்ளைகளுக்கு

பெரிய காஞ்சிபுரத்தில், ஏகாம்பரநாதர் கோயில் பக்கம் துணி விரித்துக் கடை போடப் போகும் நரிக்குறவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்கிறேன்.

1. முதலில் குறடு பிடிக்கப் பழகு. நூலில் கோர்க்க யாரும் ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம். நம் கைவேலை கம்பி கட்டுவது. ருத்திராட்சக் காய்க்குள் கம்பியை நுழைத்து, இரண்டு பக்கமும் வளையம் திருப்பி, அடுத்த காயின் வளையத்தோடு மாட்டு. வெட்டிய முனையை உள்ளே மடித்து அழுத்து. வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் போடுகிறவர் கழுத்தைக் கீறும். இப்படிக் கட்டிய மாலை ஓரிடத்தில் விட்டுப்போனாலும் மற்ற மணிகள் சிதறாது. கட்டி முடித்ததை நீயே கழுத்தில் போட்டுப் பார்த்துவிட்டுக் கடையில் வை.

2. கண்ணாடிப் பாசி என்றால் துளையைப் பார். ஓரம் கூராக இருந்தால் நூலை அறுத்துவிடும். தள்ளி வை.

3. பொய் சொல்லி விற்காதே. ருத்திராட்சத்தில் ஐந்து முகம்தான் அதிகம் கிடைப்பது. அதைச் சீவி ஒட்டி ஒருமுகம் என்று விற்பவர்கள் உண்டு. நீ அந்தப் பக்கமே போகாதே. அச்சில் வார்த்த பிளாஸ்டிக் காய்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். மரத்தில் காய்த்தவற்றில் இரண்டு ஒத்துப்போகாது. தண்ணீரில் போட்டுப் பார்க்கும் சோதனையை நம்பாதே. நன்றாகக் காய்ந்த நல்ல காயும் மிதக்கும். ஸ்படிகம் கண்ணாடியைக் கீறும். உள்ளே உருண்டைக் குமிழி தெரிந்தால் அது கண்ணாடி, கண்ணாடி விலைதான் சொல்ல வேண்டும்.

4. இங்கே ருத்திராட்சமும் ஸ்படிகமும் கேட்பார்கள். சின்னக் காஞ்சிபுரத்தில் வரதர் கோயில் பக்கம் போனால் துளசிமணி கேட்பார்கள். கார்த்திகை பிறக்கும் முன்பே ஐயப்ப மாலைகளைக் கட்டி முடித்துவிடு. ஜபமாலைக்கு 108 மணி, மேலே மேரு என்ற தலைமணி ஒன்று. எண்ணிக்கை தப்பினால் அது ஜபத்துக்கு ஆகாது.

5. "மணியே நீங்கள் செய்வதில்லையே, பிரோசாபாத் சரக்குதானே" என்று யாராவது சொன்னால் குறுகிப் போகாதே. ஆப்பிரிக்காவில் கென்யா, தான்சானியா நாடுகளில் மாசாய் மக்கள் இருக்கிறார்கள். அகன்ற வட்டக் கழுத்தணிகளை அந்தப் பெண்கள் கம்பியில் கோர்க்கிறார்கள். சிவப்பு வீரத்துக்கு, நீலம் வானத்துக்கு என்று நிறத்துக்கு நிறம் பொருள் வைத்திருக்கிறார்கள். அந்தக் கண்ணாடி மணிகளும் வெகுகாலமாக ஐரோப்பாவிலிருந்து, இப்போது பெரும்பாலும் செக் நாட்டிலிருந்து, வருகிறவைதான். ஆனாலும் உலகம் அதை மாசாய் மணிவேலை என்றே அறிகிறது. அதற்கும் முன்னால் நம் பக்கத்து மணியே ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏறியிருக்கிறது. புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் கண்ணாடிக் குழாயை இழுத்து நறுக்கிச் சின்ன மணி செய்தார்கள். அதே வகை இந்திய மணிகள் தென்னாப்பிரிக்காவின் மாபுங்குப்வே என்ற பழைய நகரத்தில் கிடைத்திருக்கின்றன. அந்த வேலை திருப்பதிப் பக்கம் பாப்பாநாயுடுபேட்டையில் நம் காலம் வரை நடந்தது. மணி ஊர் ஊராகப் போகும், வரும். கோர்க்கும் முறை யார் கையில் இருக்கிறதோ, வேலை அவர்களுடையது. அதனால்தான் ஆயத்த மாலையை மொத்தமாக வாங்கி விற்பதோடு நின்றுவிடாதே என்று கெஞ்சுகிறேன்.

6. நரிக்கொம்பு, நரிப்பல், புலிநகம் எதையும் தொடாதே. 1972 வனவிலங்குச் சட்டம் வந்தபின் நம் வேட்டைத் தொழில் போயிற்று. பாசிமணிதான் நம்மைக் காப்பாற்றியது.

7. தாள்களைப் பத்திரப்படுத்து. 2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி மாநகராட்சியில் பதிந்து அட்டை வாங்கு. யாராவது கடையை எடுக்கச் சொன்னால் சண்டைக்கு நிற்காதே, அட்டையைக் காட்டிப் பேசு. 2023 தொடக்கத்தில் நாம் பழங்குடியினர் பட்டியலில் சேர்ந்தோம். எத்தனையோ வருஷம் கேட்டு வாங்கியது அது. சாதிச் சான்றிதழ் எடுத்து உன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பு. குறடு பிடிக்கச் சனி, ஞாயிறு போதும். பக்கத்தில் உட்கார்த்தி நம் வாக்ரிபோலி மொழியிலேயே சொல்லிக்கொடு.

8. கம்பி கட்டிய மாலைக்கும் வாங்கி விற்கும் மாலைக்கும் ஒரே விலை சொல்லாதே. பேரம் பேசுகிறவரிடம் மாலையைக் கையில் கொடுத்து வளையத்தை இழுத்துப் பார்க்கச் சொல். அதன் பிறகு விலை சொல்.