அறிமுகம் என்னும் மூலதனம்

நெசவாளர் இல்லங்களிலும் குடியானவர் இல்லங்களிலும் பட்டமோ தொழிற்பட்டயமோ பெற்ற பிள்ளைகள் இன்று பலர் உளர். படிப்பு முடிந்ததும் அவர்கள் முன் எழும் கேள்வி, "நமக்கு எவரைத் தெரியும்?" என்பதே. நகரத்தில் உத்தியோகம் பார்ப்பவரின் பிள்ளைக்கு இதற்கு விடை உண்டு. குழித்தறியில் அமர்ந்து உழைத்தவரின் பிள்ளைக்கோ பெரும்பாலும் இல்லை. இக்குறையை ஓரளவு நீக்கவல்ல சாதனம் ஒன்றைப் பற்றி இப்பாடத்தில் ஆராய்வோம்.

லிங்க்ட்இன் என்பது இணையத்தின் வழி இயங்கும் தொழில் தொடர்புத் தளம். 2003-ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் தொடங்கப்பெற்ற இதனை 2016-இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் விலைக்கு வாங்கிற்று. ஒருவர் தம் கல்வி, பயிற்சி, அனுபவம் ஆகியவற்றை இதில் பதிந்து, தாம் அறிந்தோரைத் தொடர்பில் சேர்த்துக்கொள்ளலாம். சாதாரண உபயோகத்திற்குக் கட்டணம் இல்லை.

அறிமுகம் பயன் தருவது எவ்வாறு? அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் வெளியிட்ட கட்டுரை இதனை விளக்குகிறது. பழக்கமானவர் மூலம் வேலை பெற்றோரை அவர் வினவினார். உதவியவரை அடிக்கடி சந்தித்து வந்ததாகக் கூறியோர் நூற்றுக்குச் சுமார் 17 பேரே. இதற்குக் காரணம் எளிது. நம் நெருங்கிய சுற்றத்தார் அறிந்த செய்தியை நாமும் முன்பே அறிந்திருப்போம். வேறு வட்டத்தில் பழகுவோரிடமிருந்தே புதிய செய்தி வரும். லிங்க்ட்இன் உபயோகிப்போர் 2 கோடிப் பேரின் விவரங்களைக் கொண்டு செய்து, 2022-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியான ஆராய்ச்சியும் இதற்கு அரண் செய்தது. ஆயினும், பொது நண்பர் ஒருவருமில்லாத தொடர்பைவிடச் சிலரேனும் உள்ள மிதமான பழக்கமே அதிகப் பயன் தந்ததாக அது கண்டது.

இனி, செய்முறையைக் காண்போம்.

1. உண்மையை மட்டும், தெளிவாக எழுதுக. "கடின உழைப்பாளி" என்பதால் பயனில்லை. "கைத்தறித் தொழில்நுட்பப் பட்டயம், ஜக்கார்டு தறியில் ஓராண்டுப் பயிற்சி, சாயம் நிலைக்கும் தன்மையைச் சோதிக்கத் தெரியும்" என்று எழுதினால், படிப்பவர் ஆளை அறிந்துகொள்வார்.

2. முதலில் ஆசிரியர், உடன் பயின்றோர், பயிற்சியளித்த மேற்பார்வையாளர் ஆகியோரைச் சேர்த்துக்கொள்க. அவர்கள் வழியே அடுத்த வட்டத்தை நாடுக.

3. முதற் கடிதத்திலேயே வேலை கேட்பது முறையன்று. "ஐயா, வணக்கம். தாங்கள் பயின்ற கல்லூரியிலேயே நானும் பயின்றேன். தங்கள் ஆலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் சேர என்ன பயிற்சி தேவை என்று தெரிவிக்க இயலுமா?" என்பது போன்ற சிறு கேள்விக்கு விடை கிடைக்கும்.

4. பெறுவதோடு நில்லாமல் கொடுக்கவும் வேண்டும். பிறர் கேட்கும் ஐயத்திற்குத் தெரிந்த விடை கூறுக. வேலைச் செய்தி கிடைத்தால் பிறருக்கும் தெரிவிக்க. இதுவே கூட்டுறவு நெறி.

எச்சரிக்கை ஒன்றும் அவசியம். தாய்லாந்தில் நல்ல சம்பளம் என்று சமூக ஊடக விளம்பரங்களாலும் முகவர்களாலும் ஆசை காட்டப்பட்ட இந்திய இளைஞர்கள், மியான்மருக்குக் கொண்டு செல்லப்பட்டு அடைபட்டனர். இதுபற்றி 2022 செப்டம்பரில் இந்திய வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கை வெளியிட்டது. ஆகவே, வேலை தருவதாகக் கூறி முன்பணம் கேட்பவரை நம்பற்க. வங்கிக் கணக்கின் இரகசிய எண்ணை எவருக்கும் தரற்க. வெளிநாட்டு வேலையாயின், முகவர் அரசிடம் பதிவு பெற்றவரா என்று விசாரித்த பின்னரே இசைக. இணையத்தில் பணம் இழந்தோர் தாமதியாமல் 1930 என்னும் எண்ணில் புகார் செய்தல் வேண்டும்.

தளம் வேலை தருவதில்லை. வேலை தரக்கூடியவரிடம் செல்லும் வழியைத் திறக்கிறது. அவ்வழியே நடக்கத் திறமையும் நேர்மையும் வேண்டும்.

படிப்பு வட்டத்திற்குரிய வினாக்கள்:

1. நம் சங்க உறுப்பினரின் பிள்ளைகளுள் வெளியூரில் பணிபுரிவோர் எவர்? அவர்களிடம் நம் மாணவரை அறிமுகம் செய்வது யார்?

2. உங்கள் பிள்ளைக்குத் தெரிந்த வேலைகளை மூன்று வரிகளில் எழுதுக.